ரத்த வங்கியில் உறைந்த திரை

அறை முழுக்க ரத்தம். பிணம் மட்டும் இல்லை.

துப்பறியும் தொழிலுக்கு வந்த நாள் முதலாக, ரத்தம் தோய்ந்த வழக்கு ஒன்றாவது கையில் சிக்காதா என்று ஏங்கியவன் நான். சிக்கியதெல்லாம் தொலைந்த பூனை, காணாமல்போன சாவி, பக்கத்து வீட்டுக்காரர் மீது சந்தேகம். சாவி, வழக்கைக் கொடுத்தவரின் சட்டைப்பையிலேயே இருந்தது. பூனை தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்கும் நான்தான் காரணம் என்று என் விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டேன்.

இன்று ஒருவழியாக ரத்தம் கிடைத்தது. ரத்த வங்கியில். கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டிகளுக்குள் பை பையாக, லேபிள் ஒட்டி, வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"உக்காருங்க மாமா," என்றாள் வாலு. "இங்க மயங்கி விழுந்தா ஒரு வசதி, ரத்தம் தேடி எங்கேயும் போக வேண்டாம்."

வாலு என் மனைவியின் தங்கை. வீட்டில் வைத்த பெயர் வேறு என்றாலும், அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். இரண்டு கம்பெனிகளில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவள், மேலதிகாரிகளிடம் வாயைக் கொடுத்து இரண்டிலிருந்தும் வெளியே வந்தாள். வேறு வேலை கிடைக்கும்வரை என்று சொல்லி என்னிடம் உதவியாளராகச் சேர்ந்தாள். வேறு வேலை அவளுக்கும் கிடைக்கவில்லை, வேறு உதவியாளர் எனக்கும் கிடைக்கவில்லை.

எங்களை வரவழைத்தவர் ரத்த வங்கியின் தலைவி. எல்லோருக்கும் டாக்டரம்மா. நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார். நான் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எந்த குரூப் ரத்தம், எந்தப் பெட்டியில, எத்தனை பை இருக்குன்னு கம்ப்யூட்டர்தான் சொல்லும் சார். ஸ்டாக் திரைன்னு ஒண்ணு இருக்கு. கொஞ்ச காலமா, சில நாள்ல மத்தியானம் நெருங்கினாலே அது உறைஞ்சு போகுது. தரவுத்தளத்தோட இணைக்க முடியலைன்னு ஒரே ஒரு வரி வருது, அவ்வளவுதான். எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைச்சுப் போட்டா சரியாகுது. ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் அதே கதை. அந்த நேரத்துல ஆஸ்பத்திரியில இருந்து அவசரமா ரத்தம் கேட்டா, நாங்க பெட்டி பெட்டியாத் திறந்து கையால தேடறோம்."

"யார் மேலயாவது சந்தேகம்?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்கும்போது ஒரு புருவத்தை மட்டும் உயர்த்த வேண்டும் என்பது என் நெடுநாள் பயிற்சி. இரண்டும் சேர்ந்தே உயர்ந்தன.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அந்தப் புரோகிராமை எழுதினவன் மேலதான். என் அண்ணன் மகன். அண்ணன் போனப்புறம் என் வீட்டுலதான் வளர்ந்தான். அவன் இந்த ஹால்ல தன்னோட சீட்ல உக்காந்திருந்தா ஒண்ணும் ஆகறதில்ல. அவன் வெளியே போன நாள்லதான் உறையுது. எங்க போறான்னு விசாரிச்சேன். ரத்த வங்கி வெச்சிருக்கிற வேற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்காரங்க அவனை வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. நாங்க திணறினா அவங்களுக்குத்தான் லாபம்."

"அவரே எழுதி, அவரே கெடுக்கிறாரா?"

"அப்படித்தான் தெரியுது. இன்னைக்கு சாயங்காலம் நிர்வாகக் குழு கூடுது. யாருன்னு கேப்பாங்க, நான் ஒரு பேரைச் சொல்லியாகணும். சொன்னா அவனைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுப்பாங்க. என் வாயால சொல்றதுக்கு முன்னால நிச்சயமாத் தெரிஞ்சுக்கணும் சார். தப்பு பண்ணியிருந்தா சொல்லத்தான் போறேன். என் பிள்ளைன்னு பார்க்க மாட்டேன்."

சொல்லிவிட்டு கண்ணாடியை மறுபடி துடைத்தார். எனக்கு அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதைவிடப் பாவமாக இருந்தது, இதைக் கண்டுபிடிக்க என்னை நம்பியது.

முதலில் குற்றம் நடந்த இடத்தைப் பார்வையிட்டேன். முன்பக்க ஹாலில் நீளமான கவுன்ட்டர், அதில் மூன்று கம்ப்யூட்டர்கள். கவுன்ட்டருக்கு நேர் பின்னால், எல்லாத் திரைகளும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு மேஜையும் நாற்காலியும். அதுதான் டாக்டரம்மா சொன்ன அந்த மருமகனின் இடம். இப்போது காலியாக இருந்தது. ஆள் இருந்தால் உறையாது, இல்லாவிட்டால் உறையும் என்றால் குற்றத்தின் மூலம் நாற்காலிதான் என்று என் மூளை உடனே சொன்னது. நாற்காலியைத் தலைகீழாகப் புரட்டினேன். அடியில் காய்ந்துபோன சூயிங்கம் ஒன்று ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி ஒரு கவருக்குள் போட்டேன்.

"இதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் வாலு.

"எந்தத் தடயமும் அற்பமில்ல."

"சரி. வீட்டுக்குப் போனதும் எங்க அக்காகிட்ட காட்டலாம். ரொம்பப் பெருமைப்படுவா."

கவுன்ட்டரில் இருந்த ஊழியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார். அங்கே எல்லோருக்கும் அவர் அக்கா. வேலையில் வேகமான ஆள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே மெனுவில் ஸ்டாக் என்பதை அமுக்கினார். திரை வந்தது, பதில் சொன்னார், மறுகணம் திரையை மூடிவிட்டார். அடுத்த போன் வந்ததும் மறுபடி திறந்தார், மறுபடி மூடினார்.

"திறந்தே வெச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கூடாது துப்பறியும் சார். போன மாசம் ஒருத்தர் கவுன்ட்டர்ல எட்டிப் பார்த்து, ரத்தம் கொடுத்தவங்க பேர், போன் நம்பர் எல்லாம் படிச்சுட்டாரு. அதுல இருந்து டாக்டரம்மா உத்தரவு. பார்த்த உடனே ஸ்டாக் திரையை மூடிடணும். முன்னெல்லாம் காலையில திறந்தா ராத்திரிதான் மூடுவோம்."

"எனக்கும் ஒரு கம்ப்யூட்டர் வேணும். திரை உறையற அந்தக் கணத்தை நான் என் கண்ணால பார்க்கணும்."

அக்கா என்னைப் பின்பக்க அறைக்குக் கூட்டிப்போய் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். மெனுவைக் காட்டினார். திரையை எப்படி மூடுவது என்று கேட்டதும், கதவு வழியாக எட்டி மருமகனின் காலி நாற்காலியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு, "மேல மூலையில பெருக்கல் குறி இருக்கு பாருங்க, அதை ஒரு தட்டு தட்டுங்க, போயிடும்," என்றார்.

அக்கா நாற்காலியைப் பார்த்ததை வாலு கவனித்தாள். நானும் கவனித்தேன். மருமகன் மீது அக்காவுக்குப் பயம் என்று முடிவு கட்டினேன். பயம் என்றால் மிரட்டல். மிரட்டல் என்றால் கூட்டுச்சதி. வழக்கு பாதி முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

மருமகனை அந்தப் பின்பக்க அறைக்கே வரச் சொன்னேன். வந்தான். ஒல்லியான ஆள், இஸ்திரி கலையாத சட்டை. காலையில் நாங்கள் உள்ளே நுழைந்தபோது வாசலில் எதிர்ப்பட்டவன்தான். எனக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு கைகளையும் மேஜைமீது வைத்துக்கொண்டான்.

விசாரணையில் நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். ஒரு கேள்வி கேட்பேன், உடனே ஸ்டாக் திரையைத் திறந்து உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பேன், மூடுவேன், அடுத்த கேள்வி. பதில் சொல்கிறவன் முகத்தைவிடத் திரையை அதிகமாகப் பார்த்தேன். கண்கொத்திப் பாம்பாகக் காவல் காப்பதாக எனக்கு நினைப்பு.

"அடிக்கடி வெளியே போறீங்களாமே?"

"ஆமா."

திறந்தேன், பார்த்தேன், மூடினேன்.

"வேற ஆஸ்பத்திரிக்கா?"

"கூப்பிட்டாங்க, போய்ப் பேசினேன். அது குத்தமா?"

திறந்தேன், மூடினேன். "இந்தப் புரோகிராமுக்குள்ள ஏதாவது வெச்சிருக்கீங்களா? நீங்க இல்லாதப்போ மட்டும் வெடிக்கிற மாதிரி?"

அவன் வாலுவைப் பார்த்தான். வாலு தோளைக் குலுக்கினாள். "அவர் அப்படித்தான் கேப்பாரு. பதில் சொல்லிடுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்."

"ஒண்ணும் வெக்கல. ஸ்டாக் திரைக்கு ஒரு கிளாஸ் எழுதியிருக்கேன். கிளாஸ்னா ஒரு வரைபடம் மாதிரி சார். நீங்க மெனுல அமுக்கினதும் அந்த வரைபடத்தை வெச்சு புதுசா ஒரு ஆப்ஜெக்ட் உருவாகும். அப்படி உருவாகும்போதே, அதோட கன்ஸ்ட்ரக்டர், ஸ்டாக் கணக்கெல்லாம் சேர்ந்திருக்கிற தரவுத்தளத்துக்கு ஒரு இணைப்பைத் திறந்துக்கும். அது வழியாத்தான் எத்தனை பை இருக்குன்னு கேட்டு வாங்கிக் காட்டும். வேலை முடிஞ்சு வெளியேறும்போது இணைப்பை மூடிடும்."

நான் முன்னால் சாய்ந்தேன். "அந்தக் கன்ஸ்ட்ரக்டர் யாரு? அவரையும் விசாரிக்கணும்."

பெயரை எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தேன்.

"மாமா," என்றாள் வாலு மெதுவாக, "அது ஆள் இல்ல. ஆப்ஜெக்ட் பிறக்கும்போது முதல்ல ஓடற நாலு வரி."

அதைக் கேட்டு நான் அசந்துவிடவில்லை. சும்மா சோதித்துப் பார்த்ததாகச் சொல்லி, திரையைத் திறந்து மூடினேன். வாலு அவனிடம் திரும்பினாள்.

"நீங்களே உக்காந்து என்னன்னு பார்த்திருக்கலாமே?"

"பார்த்தேன். அதே திரையை நூறு தடவை திறந்து திறந்து வெளியேறிப் பார்த்தேன். ஒரு தடவைகூட உறையல. தரவுத்தளம் ஓடற சர்வர்ல பார்க்கலாம்னா, சந்தேகம் வந்த அன்னைக்கே அத்தை பாஸ்வேர்டை மாத்திட்டாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

அவன் குரல் கம்மியது. அது நடிப்பு என்று என் அனுபவம் சொன்னது. என் அனுபவம் பூனைகளோடு என்பதை அந்த நேரத்தில் நான் மறந்துவிட்டேன். எழுந்து நின்று, கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு, "உண்மையை ஒத்துக்கறது உங்களுக்கு நல்லது," என்று ஆரம்பித்தேன்.

அப்போது ஹாலிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"உறைஞ்சிருச்சு. மூணு திரையும் உறைஞ்சிருச்சு."

சட்டென்று உட்கார்ந்து என் கம்ப்யூட்டரில் ஸ்டாக்கை அமுக்கினேன். தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை என்றது. நான் மருமகனின் கைகளைப் பார்த்தேன். இரண்டும் மேஜைமீது, என் மூக்குக்கு நேரே இருந்தன. விசாரணை தொடங்கியதிலிருந்து அங்கேயேதான் இருந்தன. அதற்குச் சாட்சி நானே.

என் வழக்கு அந்த இடத்திலேயே படுத்துவிட்டது.

ஹாலுக்கு ஓடினோம். நேரம் அப்படித்தான் வாய்க்கும். ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து போன். பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் உடனே வேண்டும், இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு இடத்தில் கேட்கிறோம் என்கிறார்கள். அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு உறைந்த திரையை வெறித்துப் பார்த்தார். அங்கிருந்த டெக்னீசியன் ஒருவர் கையுறையை மாட்டிக்கொண்டு குளிர்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பைகளைப் புரட்டினார். டாக்டரம்மா தன் அறையிலிருந்து வேகமாக வந்தார். வந்தவர் முதலில் பார்த்தது மருமகனைத்தான்.

"என்னடா பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணல அத்தை. சர்வர் பாஸ்வேர்டைக் கொடுங்க, பார்க்கறேன்."

டாக்டரம்மா கொடுக்கவில்லை. கொடுக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? குற்றவாளியிடமே சாவியைக் கொடுக்கச் சொன்னால் என் தொழில் கெட்டது. கொடுக்க வேண்டாம் என்றால் எங்கோ ஒரு பெண்ணின் உயிர்.

"இருங்க," என்றாள் வாலு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். "அக்கா, வழக்கமா எப்ப உறையும்?"

"மத்தியானம் சாப்பிடப் போற நேரத்துக்கு."

"இன்னைக்கு ரொம்ப சீக்கிரமே உறைஞ்சிருச்சு இல்ல?"

"ஆமா. இப்பத்தானே டீயே வந்தது."

"அப்ப மத்த நாள்ல இல்லாத எது இன்னைக்கு இருக்கு?"

எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், என்ன புதிதாக இருக்கிறது என்று. ஒவ்வொருவர் பார்வையாகச் சுற்றிவந்து என்மீது நின்றது.

வாலு பின்பக்க அறைக்கு ஓடினாள். என் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் கொடுத்து, அது முழுக்க அணையும்வரை மேஜையைத் தட்டிக்கொண்டு நின்றாள். அணைந்ததும், "இப்பப் பாருங்க அக்கா," என்று கத்தினாள்.

அக்கா அமுக்கினார். ஸ்டாக் திரை வந்தது.

"இருக்கு. மூணாவது பெட்டி, கீழ்த்தட்டு, நாலு பை," என்று அக்கா போனில் சொன்னார். டெக்னீசியன் அதுவரை இரண்டாவது பெட்டியைத்தான் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பாய்ந்துபோய் மூன்றாவதைத் திறந்தார். சற்று நேரத்தில் பைகள் குளிர்ப்பெட்டகத்துக்குள் போய், வண்டியில் ஏறி, வாசலைத் தாண்டின. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வாலு திரும்பி வந்தாள். "மாமா, ஒரு நல்ல செய்தி. உங்க தொழில் வாழ்க்கையிலேயே முதல் தடவையா குற்றவாளி கையும் களவுமாப் பிடிபட்டிருக்காரு."

"யாரு?"

"நீங்கதான்."

நான் மறுத்தேன். நான் ஒன்றும் செய்யவில்லை, சும்மா திறந்து பார்த்து மூடினேன், அவ்வளவுதான் என்றேன். மருமகன் சட்டென்று நிமிர்ந்தான்.

"எப்படி மூடினீங்க சார்?"

"மூலையில பெருக்கல் குறியைத் தட்டி."

"திரையில அடியில வெளியேறுன்னு பெரிய பட்டன் இருக்கே?"

"அக்கா இப்படித்தான் மூடணும்னு சொன்னாங்க."

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா போனைத் துடைக்க ஆரம்பித்தார். பிறகு, வேறு வழியில்லாமல், வாயைத் திறந்தார்.

"கோவிச்சுக்காதே தம்பி. அந்தப் பட்டனை அமுக்கினா, நிச்சயமா வெளியேறணுமான்னு கேக்குது. ஆமான்னு சொன்னா, இந்தத் திரை உங்களுக்குத் திருப்தியா இருந்ததான்னு அஞ்சு நட்சத்திரம் காட்டுது. வரிசையில ஆள் நிக்கறப்போ நான் நட்சத்திரம் போட்டுட்டு இருக்க முடியுமா? நீ பின்னால உக்காந்திருந்தா பட்டனை அமுக்காததுக்குத் திட்டுவே. அதனால நீ இருந்தா அதை அமுக்குவோம். நீ இல்லேன்னா மூலையைத் தட்டிட்டுப் போயிடுவோம். எல்லாரும்தான்."

மருமகன் அருகிலிருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தான். முகம் வெளுத்துவிட்டது.

"இணைப்பை மூடற வரியை அந்தப் பட்டனுக்குள்ள மட்டும்தான் எழுதியிருக்கேன்," என்றான்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லைதான், ஆனால் நான் தலையாட்டினேன். வாலு எங்கள் இருவருக்கும் சேர்த்து விளக்கினாள்.

"மாமா வீட்டுல இருக்கிற எங்க அக்காவுக்கு போன் பண்ணிப் பேசிட்டு, கட் பண்ணாமலே பாக்கெட்ல போட்டுக்குவாரு. பேச்சு முடிஞ்சிடும், லைன் முடியாது. அது மாதிரிதான் டாக்டரம்மா. பட்டனை அமுக்கினா லைன் கட் ஆகும். மூலையில தட்டினா திரை மட்டும் மறையும், லைன் அப்படியே பிடிச்சுட்டுக் கிடக்கும். மறுபடி திறந்தா புது ஆப்ஜெக்ட், புது லைன். அந்தப் பக்கம் தரவுத்தளத்துல இத்தனை லைன்தான்னு ஒரு அளவு உண்டு. எல்லாம் நிறைஞ்சா அடுத்தவங்களுக்கு இடம் இல்லேன்னு சொல்லிடும். கம்ப்யூட்டரை அணைச்சா, அது பிடிச்சு வெச்சிருந்த லைன் எல்லாம் விடுபடும். ராத்திரி எல்லாத்தையும் அணைச்சுடறீங்க, அதனாலதான் காலையில நல்லா இருந்தது."

"முன்னெல்லாம் ஏன் இப்படி ஆகல?" என்றார் டாக்டரம்மா.

பதில் அவரிடமே இருந்தது. முன்பெல்லாம் காலையில் திறந்த திரையை ராத்திரிதான் மூடினார்கள். போன மாதம் ஒரு உத்தரவு வந்தது, பார்த்த உடனே மூட வேண்டும் என்று. உத்தரவு போட்டவர் அதைத் தானே நினைத்துப்பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"என் உத்தரவாலயா?"

"பாதி உங்க உத்தரவு, பாதி என் பட்டன் அத்தை," என்றான் மருமகன். "எப்படி வெளியே போனாலும் இணைப்பு மூடற மாதிரி நான் எழுதியிருக்கணும். நான் எழுதின பட்டனை நானே அமுக்கிப் பார்த்துட்டு, எல்லாரும் அப்படித்தான் போவாங்கன்னு நினைச்சுட்டேன். நட்சத்திரம் வேற வெச்சேன்."

"எத்தனை நட்சத்திரம் வந்துச்சு?" என்று வாலு கேட்டாள்.

"எல்லாம் அஞ்சுதான். நான் பின்னால உக்காந்திருந்தேன் இல்ல."

முதல் தடவையாக அக்கா வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். நியாயமாகப் பார்த்தால் நான் சிரித்திருக்கக் கூடாது. ஒரு பிரசவ வார்டைத் தவிக்கவிட்டது என் விசாரணை முறை.

சாயங்காலம் நிர்வாகக் குழு கூடியது. சாட்சி சொல்ல வேண்டியிருக்கும் என்று எங்களையும் உட்காரச் சொன்னார்கள். நான் ஒரு நீண்ட உரை தயார் செய்து வைத்திருந்தேன். அதற்கு வேலையே வரவில்லை. யார் என்று கேட்டதும் டாக்டரம்மா எழுந்து நின்றார்.

"என் உத்தரவால வந்த கோளாறு. யார்கிட்டயும் கலந்து பேசாம போட்டேன். பையன் எழுதினதுல ஒரு ஓட்டை இருந்தது, அது வேணும்னு பண்ணினதில்ல. நான்தான் அவனைச் சந்தேகப்பட்டேன். அது தப்பு," என்றார். உட்கார்ந்துவிட்டார். யாரும் போலீஸ் பேச்சை எடுக்கவில்லை.

நாங்கள் வெளியே வந்தபோது மருமகன் தன் மேஜையில் இருந்ததையெல்லாம் ஒரு தோள்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். டாக்டரம்மா அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"எங்கடா கிளம்பிட்டே? எல்லாம் சொல்லிட்டு வந்துட்டேன். உன் மேல ஒண்ணும் இல்ல."

"ஓட்டையை அடைச்சுட்டேன் அத்தை. இனிமே எப்படி மூடினாலும் இணைப்பு மூடிக்கும். நட்சத்திரத்தையும் எடுத்துட்டேன்." அவன் அவரைப் பார்க்காமல் பையின் ஜிப்பை இழுத்தான். "அந்த ஆஸ்பத்திரிக்காரங்க ரொம்ப நாளாக் கேட்டாங்க. ஒவ்வொரு தடவையும் போய், வேலைக்கு வரமாட்டேன்னுதான் சொல்லிட்டு வந்தேன். இன்னைக்கு காலையிலகூட போறதா இல்ல. இவங்க ரெண்டு பேரும் வாசல்ல வந்து இறங்கினதைப் பார்த்தேன். யாரு, எதுக்கு வந்திருக்காங்கன்னு அக்கா சொன்னாங்க. உடனே வேலைக்குச் சேர்றேன்னு அவங்களுக்குப் பதில் அனுப்பிட்டேன்."

வழக்கில் ஒரு ஆள் உண்மையிலேயே வேலையை விட்டுப் போகிறான், அவனைப் போக வைத்ததும் நான்தான்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "சார், இவன் போகாம இருக்க ஏதாவது வழி இருக்கா?"

"அம்மா," என்றேன், "இதையும் என்கிட்டயா கேக்கறீங்க? அவர் பக்கத்துலதானே நிக்கறாரு."

அன்று முழுக்க நான் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான் என்று வாலு இன்றும் சொல்கிறாள்.

டாக்டரம்மா மெதுவாகத் திரும்பினார். மருமகன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இருடா," என்றார் கடைசியில்.

"பதில் அனுப்பியாச்சு அத்தை."

"அப்போ தப்பா அனுப்பிட்டேன்னு இன்னொண்ணு அனுப்பு. அத்தனை பெரியவங்க முன்னால நின்னு நான் பண்ணினது தப்புன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். உனக்கு ஒரு மெயில் எழுத என்னடா வந்தது?"

அவன் சிரிக்கவில்லை. தன் காலி மேஜையை ஒரு தடவை பார்த்தான். பிறகு தோளிலிருந்து பையை இறக்கிக் கீழே வைத்தான்.